ஆமை நிற்கும் தூரம்

கம்பெனியில் அந்த வண்டிகளுக்கு ஆமை என்று பேர் வைத்தவர்கள் பேக்கிங் பெண்கள். முழங்கால் உயரம்தான் இருக்கும். தட்டையான முதுகில் சரக்கைச் சுமந்துகொண்டு ஸ்டோரிலிருந்து லைனுக்கும், லைனிலிருந்து பேக்கிங்குக்கும் ஆளில்லாமல் தானே ஊர்ந்து போகும். தரையில் மஞ்சள் கோடு போட்ட பாதையைத் தாண்டாது. எதிரில் யாராவது வந்தால் நல்ல தூரத்திலேயே நின்று, டிங் டிங் என்று கெஞ்சும். ஆள் நகர்ந்தால்தான் அது நகரும்.

வந்த புதிதில் அதைக் கண்டு சுவரோடு ஒட்டி நின்றவர்கள்கூட, கொஞ்ச நாளில் அதோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். இடுப்பு வலிக்கிறவள் மஞ்சள் கோட்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றால் போதும். ஆமை நிற்கும், லைனுக்குச் சாமான் போகாது, அந்த நேரத்தில் எல்லாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். "என் வீட்டுக்காரர்கூட இப்படி நான் நில்லுன்னா நின்னதில்லை" என்பாள் ஒருத்தி. மூலை நசுங்கின ஆமை ஒன்று இருந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பேர். அது வந்தால் கேலியாக ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஆமைகளுக்குச் சரக்கேற்றி அனுப்புவது ஸ்டோர் அக்காவின் வேலை. தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி அது. அலமாரியிலிருந்து மோட்டார் உடம்புகளை இறக்கி, ஆமையின் முதுகில் அடுக்கி, கயிற்றை இழுத்துக் கட்டி, பச்சைப் பொத்தானை அமுக்குவாள். அமுக்குகிற கையாலேயே முதுகில் ஒரு தட்டு. "போயிட்டு வாடா." அலுத்த உடம்பு, கறாரான வாய். வாயைத் திறந்தால் ஸ்டோரே அடங்கும்.

அவள் புருஷன் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் என்கிற சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டினார். எல்லாரும் அவரை ஹாரன் என்பார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடிப்பார். எதிரில் பூனை இல்லாவிட்டாலும் அடிப்பார். ஒரு ஆளை உரசினது கிடையாது, ஒரு பெட்டியைச் சரித்தது கிடையாது. ஆமைகள் வந்த பிறகு கம்பெனிக்குள்ளே அவர் வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வெளிமுற்றத்தில் லாரியிலிருந்து இறக்குவதோடு சரி. மற்ற நேரம் ஆமைப் பாதையில் கிடக்கிற கட்டை, கம்பி, அட்டையைப் பொறுக்கிப் போடச் சொன்னார்கள். "ஆமைக்கு முன்னாடி போய் வழி கூட்டுற ஆளா ஆயிட்டேன்" என்று சிரித்தபடிதான் சொன்னார்.

அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தது சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் வேறு யாருமில்லை, ஸ்டோர் அக்காவின் கூடப் பிறந்த தம்பிதான். அவளுக்குச் சின்னவன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவன் பல் விழாத பையன். தோளில் போட்டு வளர்த்து, படிக்க வைத்து, கையைக் காலைப் பிடித்து அதே கம்பெனியில் லோடு தூக்கச் சேர்த்துவிட்டாள். அவன் மூளைக்காரன். வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஆமைகளை மேய்க்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டான். அவள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தான். சாப்பாடு கீழே. இரும்புப் படியில் அவன் இறங்கி வருகிற சத்தம் கேட்டதும் அவள் தட்டை எடுத்து வைப்பாள். எத்தனையோ வருஷப் பழக்கம்.

ஒருநாள் ஆமைகளின் குணம் மாறியது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முன்னே நடக்கிற மாதிரி வந்தது இப்போது ஓடுகிற மாதிரி வந்தது. நிற்கத்தான் செய்தது, ஆனால் கணுக்காலை உரசி நின்றது. பேக்கிங் பெண் ஒருத்தி துள்ளி விழுந்தாள். "என்னடி இது, ஆமைக்குப் பேய் பிடிச்சுடுச்சா?" லைன் நிற்காமல் ஓடியது. தண்ணீர் குடிக்க நேரமில்லை.

அந்த வாரம் மழை. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை. முற்றத்துக் கதவு வழியாகச் சாரல் அடித்துத் தரை நனைந்திருந்தது. தூணுக்குப் பக்கத்தில், பாதைமேல், ஒரு மரக்கட்டை கிடந்தது. ஹாரன் குனிந்து அதை எடுத்தார். திருப்பத்திலிருந்து மாப்பிள்ளை ஆமை முழுச்சுமையோடு வந்தது.

ஸ்டோர் அக்காவுக்குப் புருஷனின் குரல் கேட்கவில்லை. மோட்டார்கள் சரிந்து உருண்ட சத்தம்தான் கேட்டது. ஓடினாள். தூணுக்கும் வண்டிக்கும் நடுவே அவர் கால். அவளுக்கு முன்னாலேயே சின்னவன் அங்கே வந்திருந்தான். "சார்ஜரைக் கூப்பிடு" என்று ஆமை மெக்கானிக்குக்காகக் கத்தினான். அப்புறம்தான் ஆம்புலன்ஸ் என்றான். அந்த வரிசை அன்றைக்கு அவள் காதில் விழுந்தது, மனசில் பதியவில்லை.

முழங்காலுக்குக் கீழே கொஞ்சத்தை விட்டுவிட்டுக் காலை எடுத்தார்கள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. சின்னவன் போய்ச் சாட்சி சொன்னான். மாமா செல்போனைப் பார்த்துக்கொண்டே பாதைக்குள் நடந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடிவு எழுதி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் போன் அன்றைக்கு அவளிடம் இருந்தது. காலையில் சார்ஜ் இறங்கிப் போயிருந்ததால் ஸ்டோரில் செருகி வைத்திருந்தாள். அதைச் சின்னவனிடமே சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மழையில சரியாத் தெரியலைக்கா. கையில ஏதோ இருந்தது. போன்னு நினைச்சேன்."

"கையில கட்டை இருந்துச்சுடா."

"இப்ப மாத்திச் சொன்னா என்னைப் பொய்யன்னு சொல்வாங்க. விடுக்கா. மாமாவை நான் பார்த்துக்க மாட்டேனா?"

மறுநாளே மேனேஜரிடம் போனாள். அவர் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "விபத்து முடிஞ்ச உடனே வண்டியைச் சோதிச்சுப் பார்த்தோம்மா. நிக்க வேண்டிய தூரத்துல நிக்குது. மனுஷன் பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது" என்றார். டீயை அவள் தொடவில்லை.

வீட்டில் ஹாரன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். போன காலைப் பற்றிப் பேசமாட்டார். நுனியில் அரிக்கிறது என்பார், இல்லாத இடத்தைச் சொறியக் கை நீட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார். அவர் வாயில் வந்துகொண்டே இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"கவனமில்லாதவன்னு எழுதிட்டாங்களே."

"சாப்பிடுங்க."

"நான் ஹாரன் அடிக்காம ஒரு திருப்பம் திரும்பினதில்லையே. உனக்குத் தெரியும்ல?"

"ஊருக்கே தெரியும். ஆறிப் போகுது, சாப்பிடுங்க."

"உன் தம்பிக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா இருக்குமோ? பாவம், டாக்டரைப் பார்க்கச் சொல்லு."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் அவளுக்கு நெஞ்சில் தீயை வைத்தது.

சார்ஜர் என்பது ஆமைகளுக்கு பேட்டரி போடுகிற மெக்கானிக். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசமாட்டான். ஹாரன் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தடவை தெருமுனை வரை வந்து திரும்பிப் போயிருந்தான் என்று அவளுக்கு யாரோ சொன்னார்கள். மூன்றாவது தடவை அவளே போய்ப் பிடித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சார்ஜ் போடுகிற கொட்டகையில் ஆமைகள் வரிசையாகக் கண் மூடிக் கிடந்தன. அவன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னத்தை மென்னு முழுங்குறே? துப்பிடு" என்றாள்.

அவன் துப்பினான். ஆட்கள் வேண்டுமென்றே பாதையில் நின்று ஆமையை நிறுத்துகிறார்கள் என்று சூப்பர்வைசருக்குக் கடுப்பு. ஆமை நிற்கிற தூரத்தைக் குறைக்கச் சொன்னார், வேகத்தைக் கூட்டச் சொன்னார். சுமை ஏறினால் நிற்காது சார் என்று இவன் சொல்லிப் பார்த்தான். உனக்குச் சம்பளம் தருவது பேச இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு, ஆமைக்கடியில் கால் கிடக்கும்போதே, முதலில் இவனைக் கூப்பிட்டுப் பழையபடி மாற்றச் சொன்னார். மாற்றினான்.

"அவர் முனகிட்டு இருந்தாருக்கா. நான் பக்கத்துல உட்கார்ந்து பட்டனைத் தட்டிக்கிட்டிருந்தேன்." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "விசாரணைல சொல்லியிருக்கணும். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

சார்ஜர் என்று சின்னவன் கத்தின குரல் இப்போதுதான் அவள் மனசுக்குள் முழுசாக இறங்கியது. ஆம்புலன்ஸ் அதற்கப்புறம்தான்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். மாடிச் சாமான்களைத் தெருவில் வீசியிருப்பாள். ஸ்டோர் அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். படியில் சத்தம் கேட்டதும் தட்டு எடுத்து வைத்தாள். குழம்பில் கிடந்த முட்டையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தலை நிமிராமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தினால் கோபம் செலவாகிவிடும். அவளுக்கு அது முழுசாக வேண்டியிருந்தது.

தினமும் அப்படியே சோறு போட்டாள். அவன் தேறிக்கொண்டே வந்தான். அக்கா மறந்துவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, பழையபடி சிரித்துப் பேச ஆரம்பித்தான். ஒருநாள் சாப்பிடும்போதே சொன்னான்.

"அக்கா, தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வர்றாங்க. ஆமை ஓடுறதைப் பார்க்கத்தான். பிடிச்சுப் போச்சுன்னா எல்லா ஃபாக்டரியிலேயும் விடுவாங்க. அதுக்கெல்லாம் என்னைத்தான் பொறுப்பா போடப்போறாங்க."

"நல்லது."

"மாமாவை அப்புறம் பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம். நல்ல கால் பொருத்துவாங்க."

"காட்டலாம். என்ன காட்டப்போறே அவங்களுக்கு?"

"ஆமை ஓடி வரும். நடுவுல ஒரு அட்டைப்பெட்டியை வைப்பேன். தூரத்துலயே நிக்கும். கைதட்டுவாங்க."

"கூட கொஞ்சம் சோறு போட்டுக்கோ" என்றாள்.

மறுநாள் கொட்டகைக்குப் போனாள்.

"மேடம் வர்ற அன்னைக்கு, மாப்பிள்ளை ஆமையை அனுப்புறது நான்தான். என் வீட்டுக்காரர் விழுந்த அன்னைக்கு எப்படி வச்சிருந்தியோ, அப்படி வை."

சார்ஜர் எழுந்து நின்றுவிட்டான். "எதுக்குக்கா?"

"அவனை முன்னாடி நிக்க வைக்கப்போறேன்."

"ஐயோ, வேணாம். உங்க தம்பிக்கா."

"தெரியும். எனக்கு நீ நினைவுபடுத்த வேணாம்." அவள் குரல் ஏறவில்லை. "நான் கேட்டுட்டேன். செய்யறதும் செய்யாததும் உன் பாடு. ஆனா செஞ்சியா இல்லையான்னு எனக்கு மட்டும் சொல்லிடாதே. சின்ன வயசுல இருந்து என் முகத்தைப் படிச்சவன் அவன். எனக்குத் தெரிஞ்சா அவனுக்கும் தெரிஞ்சிடும்."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவளைக் கண்டாலே வேறு பக்கம் போனான்.

மேடம் வந்த அன்று வெயில் கொளுத்தியது. தரையைக் கழுவி, மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் வாடையில் தலைவலி வந்தது. மேடம் வயதானவர், தட்டையான செருப்பு, அதிகம் பேசாதவர். மேனேஜர் ஒரு பக்கம், சின்னவன் மறுபக்கம். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நன்றாகப் பேசினான். அவள் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு மூலையில் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை அவள் நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினாள்.

அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து பாதையில் வைத்தார்கள். மேடம் வேலையாட்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இதுங்ககிட்ட பயம் ஏதாவது இருக்கா? தாராளமாச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஸ்டோர் அக்கா ஒரு அடி முன்னே வந்தாள்.

"பயமெல்லாம் இல்லீங்க. பெட்டிக்கு உயிர் இல்லை, அதுக்கு முன்னாடி நின்னா மனுஷனுக்கு முன்னாடியும் நிக்கும்னு நாங்க என்னத்தைக் கண்டோம்? எங்க சூப்பர்வைசர் சாரே நின்னு காட்டினார்னா எங்களுக்கு மனசு நிறைஞ்சிடும்."

பேக்கிங் பக்கமிருந்து ஆமாமா என்று முணுமுணுப்பு எழுந்தது. மேடம் சின்னவனைப் பார்த்தார். அவன் சிரித்தான். "தாராளமா" என்று பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் போய்க் கை கட்டி நின்றான். தூண் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவள் பொத்தான் பக்கம் போகவில்லை. நேரே அவனிடம் போனாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற நாளில் செய்கிற மாதிரி அவன் காலரை நீவிவிட்டாள். வாயை அவன் காதுப் பக்கம் கொண்டுபோனாள்.

"மாமாவை மோதின அன்னைக்கு இருந்த மாதிரியே வைக்கச் சொல்லியிருக்கேன் சார்ஜர்கிட்ட. அசையாம நில்லு."

திரும்பி நடந்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். முதுகில் தட்டவில்லை.

மாப்பிள்ளை ஆமை முழுச்சுமையோடு கிளம்பியது. சின்னவன் முதலில் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை. பிறகு சார்ஜரைத் தேடினான். சார்ஜர் தலை குனிந்துகொண்டான். வெள்ளைச் சட்டை கக்கத்தில் நனைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆமை பாதி தூரம்கூட வரவில்லை. கட்டிய கை அவிழ்ந்தது. "நிறுத்துங்க, அது நிக்காது, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தான். பெயின்ட் காயாத கோட்டில் வழுக்கி, கைகளை ஊன்றி விழுந்தான்.

ஆமை வந்தது. விழுந்தவனின் கால் இன்னும் பாதைக்குள் கிடந்தது. நல்ல தூரத்திலேயே அது நின்றது. டிங் டிங் என்றது.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் அவனிடம் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"அது ஏன் நிக்காதுன்னு நினைச்சீங்க?"

மேனேஜர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார், மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். கொட்டகைப் பக்கமிருந்து சார்ஜர் நடந்து வந்தான்.

"அன்னைக்கு நிக்காதபடிதான் வச்சிருந்தோம் மேடம். இவர் சொன்னார், நான் வச்சேன். ஒருத்தருக்குக் கால் போச்சு. இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு. நான் எதையும் தொடலை."

கடைசி வார்த்தையை அவன் ஸ்டோர் அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

மறுபடி விசாரணை நடந்தது. இந்தத் தடவை பேக்கிங் பெண்கள் எல்லாரும் போய்ப் பேசினார்கள். சின்னவன் வேலை போயிற்று. சார்ஜருக்குக் கடுமையான எச்சரிக்கையோடு வேலை தப்பியது. ஆமைகளின் நடையை முன்பிருந்ததைவிட நிதானமாக்கிவிட்டார்கள். மேனேஜர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி, முன்னால் எழுதினது தப்பு, உங்க மேல எந்தக் குறையும் இல்லை, கம்பெனி வருத்தப்படுது என்றார். ஹாரன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரியாக் கேட்கலை சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டோர் அக்கா நாற்காலி போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவன் மாடியைக் காலி செய்தான். சாமான் ஒன்றும் பெரிதாக இல்லை. கடைசி மூட்டையைத் தெருவில் வண்டியில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். உள்ளங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, தப்புதான் மாமா என்றான். ஹாரன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன்கா. அவன் மாத்தலைன்னு உனக்குத் தெரியும்தானே? என்னைப் பயமுறுத்தத்தானே அப்படிச் சொன்னே?"

அவள் கீரையிலிருந்து கையை எடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை வாங்கிக்கொண்டு போவதற்காகவே அவன் நின்றுகொண்டிருந்தான். அது அவளுக்கும் தெரிந்தது.

"தெரியாது" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். சின்ன வயசில் அடி வாங்கிவிட்டு இன்னும் ஒன்று விழுமா என்று பார்த்து நிற்கிற அதே நிற்பு. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தெருவில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஹாரன் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தார்.

"அவனுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாமே."

"பொய்யாலதான் நீங்க இத்தனை நாள் இப்படிக் கிடந்தீங்க."

"ஒருவேளை அது நிக்காம வந்திருந்தா?"

அவள் ஆய்ந்த கீரையை அலச எழுந்தாள். குழாயைத் திறந்து, தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"நான் கண்ணை மூடலைங்க. வந்தா வரட்டும்னு பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

ஹாரன் கட்டிலின் விளிம்பைப் பிடித்து, அவளுக்கு முதுகு காட்டி மெல்லத் திரும்பிப் படுத்துக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.